உங்களுக்குத் தெரியுமா? – வடசென்னை ‘தில்’ ஸ்பெஷல்!

உடம்பை முறுக்கேற்ற ஆயிரம் வழி இருக்கிறது. மனசுக்கு? நேராக ராயபுரத்துக்கு வண்டியைத் திருப்புங்கள்! காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை ஒரு ரவுண்டு போவோம். விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து தேடிய சங்கதியெல்லாம் இங்கே தெருவிலேயே கிடக்கிறது. அள்ளி அள்ளித் தருகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள்!

கையில் கிளவுஸ், நெஞ்சில் கெத்து!

சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை... வடசென்னைக் குத்துச்சண்டையில் வீரர்கள் இப்படித்தான் அணி பிரிந்து மோதினார்கள். ரத்த சொந்தம் தேவையே இல்லை. எந்த வாத்தியாரிடம் கிளவுஸ் மாட்டிக் கற்றுக்கொண்டாயோ, அதுதான் உன் பரம்பரை! தோற்றால் தலைகுனிவது நீ மட்டுமா? மொத்தப் பரம்பரையும்தான்! காலையில் எழுந்து ஓட இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

அந்தக் கதையை பா.ரஞ்சித் ‘சார்பட்டா பரம்பரை’ என்று படமாக்கினார். 2021 ஜூலையில் வெளியானது. தியேட்டருக்கே வராமல் நேராக ஓ.டி.டி.யில் வந்து, வடசென்னை வாத்தியார்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது!

உலக ஹெவிவெயிட் பட்டத்தை 3 முறை வென்ற முகமது அலி, சென்னையில் கிளவுஸ் மாட்டியிருக்கிறார்! ஆண்டு 1980. இடம் நேரு ஸ்டேடியம். எதிரில் நின்றவர் யார் தெரியுமா? முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸ்! காட்சிப் போட்டிதான். ஆனாலும் அலியாச்சே!

அதே அலி, வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் மேடை ஏற முடியாமல் சும்மா கிடந்தது எவ்வளவு காலம்? 43 மாதம்! 1967 மார்ச்சில் நின்ற ஆட்டம் 1970 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. திரும்பி வந்த முதல் சண்டையை 3 ரவுண்டில் முடித்தார். ஒரு வாரம் ஜிம்முக்குப் போகாவிட்டால் ‘விட்டுப்போச்சு சார்’ என்கிறோமே நாம்!

சென்னைக் குத்துச்சண்டை வீரர் வி.தேவராஜன் 1994-ல் பாங்காக் போனார். உலகக் கோப்பையில் வெண்கலத்தோடு திரும்பினார்! அடுத்து அர்ஜுனா விருதும் தேடி வந்தது. நம்ம ஊர் கை, உலகக் கோப்பைப் பதக்கம்!

இன்னொரு சென்னைக் கை கலைவாணி சீனிவாசன். அப்பா குத்துச்சண்டை வீரர். அண்ணன் குத்துச்சண்டை வீரர். தங்கை சும்மா இருப்பாரா? 2019 தெற்காசியப் போட்டி, 48 கிலோ பிரிவு. தங்கம்!

ஸ்கிப்பிங் கயிறு சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்றா நினைத்தீர்கள்? 2018-ல் மேரி கோம் போலந்தில் போய் இறங்கினார். எடை 2 கிலோ அதிகம்! எடை பார்க்க மிச்சமிருந்தது சுமார் 4 மணி நேரம். ஒரு மணி நேரம் நிற்காமல் கயிறு தாண்டினார். எடை சரியானது. தங்கமும் கிடைத்தது! நீங்கள் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம், அது மேரி கோமுக்கு மட்டும்!

சட்டை நிறம் ஜெயிக்க வைக்குமா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, மல்யுத்தம், டேக்வாண்டோ போட்டிகளை எண்ணிப் பார்த்தார்கள். யாருக்குச் சிவப்பு, யாருக்கு நீலம் என்பது குருட்டாம்போக்கில் கிடைத்ததுதான். ஆனால் சிவப்பு போட்டவர்கள் ஜெயித்தது ஏறக்குறைய 55 சதவீதம்!

ராணுவக் குத்துச்சண்டை வீரர் முரளிகாந்த் பெட்கர். 1965 போரில் உடம்பெல்லாம் குண்டு. ரிங்குக்குத் திரும்ப வழியே இல்லை. சோர்ந்தாரா? நீச்சல் குளத்தில் குதித்தார்! 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டரை 37.33 விநாடியில் கடந்தார். உலக சாதனை! இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கமும் அதுதான்!

வாயைத் திற, வலு வரும்!

எடை தூக்கும்போது ‘ஹே...ய்!’ என்று கத்துபவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1961-ல் இக்காய், ஸ்டைன்ஹாஸ் என்ற இருவர் அளந்தே காட்டிவிட்டார்கள். கத்திக்கொண்டே இழுத்தால் கை வலு 12.2 சதவீதம் கூடுகிறது! பக்கத்தில் திடீரென்று துப்பாக்கி வெடித்தால்? 7.4 சதவீதம்தான். வெடிச்சத்தத்தை உங்கள் தொண்டை ஜெயித்துவிட்டது!

அடுத்தது இன்னும் ஜோர்! இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் கையை ஐஸ் தண்ணீரில் முக்கச் சொன்னார்கள். ஒருமுறை சாதாரண வார்த்தையைச் சொல்லிக்கொண்டு. இன்னொரு முறை கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டு. கெட்ட வார்த்தை சொன்னபோது ஏறக்குறைய 40 விநாடி கூடுதலாகத் தாங்கினார்கள்! இதற்கு 2010-ல், வேடிக்கையான ஆய்வுகளுக்கென்றே கொடுக்கும் இக் நோபல் பரிசு. எந்தப் பிரிவில்? அமைதிப் பிரிவில்!

அந்தச் சோதனையை நடத்தியவர்கள் அதோடு விட்டார்களா? 2018-ல் இன்னொன்று. திட்டிக்கொண்டே பிடித்தால் கைப்பிடி வலு 8 சதவீதம் கூடுகிறதாம்! காசிமேட்டில் கயிறு இழுக்கும் அண்ணன்மாருக்கு இது பழைய செய்தி!

திட்ட மனசில்லையா? உங்களோடு நீங்களே நல்லதாகப் பேசுங்கள். 24 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பாதிப் பேருக்கு ‘முடியும், போ, விடாதே’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ள 2 வாரம் பயிற்சி. அவ்வளவுதான். மூச்சு முட்டும்வரை மிதித்த நேரம் 18 சதவீதம் கூடியது! மாத்திரை இல்லை, பவுடர் இல்லை, செலவு பூஜ்யம்!

துறைமுகம் சொல்லும் கணக்கு!

போட்டி இருந்தால் வேகம் கூடும் என்று முதன்முதலில் சோதித்தது எதை வைத்து? மீன்பிடி ரீலை வைத்து! 1898. அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் 40 சிறுவர் சிறுமியரிடம் ரீலைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். முதலில் தனியாக. அப்புறம் பக்கத்தில் ஒரு ஆளோடு. பக்கத்தில் ஆள் வந்ததும் பாதிப் பேருக்குக் கை பறந்தது! காசிமேட்டில் கேட்டிருந்தால் சோதனையே தேவைப்பட்டிருக்காது!

இதற்கு நேர் எதிர் வேடிக்கை ஒன்று. பிரான்சில் மேக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்தார். தனியாக இழுப்பவர் போடும் பலம் 100 என்றால், 2 பேர் சேர்ந்தபோது தலைக்கு 93. மூவரானால் 85. 8 பேர் சேர்ந்தபோது? தலைக்கு 49! பாதிப் பலத்தை ஒளித்துவிட்டார்கள்! இதைக் கண்டிப்பாகக் கரைவலை இழுக்கும் கூட்டத்திடம் சொல்லாதீர்கள். யார் ஏமாற்றினார்கள் என்று சண்டை வந்துவிடும்!

மூட்டை தூக்கினால் இதயம் பலமாகுமா? சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் 6,351 பேர். 22 ஆண்டுத் தொடர் கண்காணிப்பு! கனமான சரக்கைக் கையால் தூக்கியவர்களிடம், லேசான வேலை பார்த்தவர்களை விட இதயநோய்ச் சாவு கிட்டத்தட்ட பாதி! 1975-ல் வெளியான கணக்கு.

இந்தக் கணக்கைப் போட்ட ரால்ஃப் பஃபன்பர்கர் என்ன செய்தார் தெரியுமா? தன் ஆய்வைத் தானே நம்பி, 45 வயதில் ஓடத் தொடங்கினார்! அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட மாரத்தான்!

லண்டன் மாடி பஸ். டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுகிறார். யாருக்கு மாரடைப்பு அதிகம்? டிரைவருக்கு! 1953-ல் ஜெரி மாரிஸ் கண்டுபிடித்தார். 1996-ல் ஒலிம்பிக் கமிட்டி விளையாட்டு அறிவியலுக்கு முதல்முறையாகப் பரிசு கொடுத்தபோது மேடையேறியது யார்? மாரிசும் பஃபன்பர்கரும்! பஸ்ஸும் துறைமுகமும் சேர்ந்து ஒலிம்பிக் பரிசு வாங்கிவிட்டன!

கடற்கரை மணலில் நடப்பவர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்! கட்டாந்தரையில் நடப்பதைப் போல 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறது. ஓடினால் 1.6 மடங்கு. அதே தூரம், இரட்டைக் கூலி!

ஆனால் ராயபுரத்துக்காரர்கள் மணலுக்கு எங்கே போவார்கள்? துறைமுகத்துக் கல்சுவர் கடலில் நீண்டதும் தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது! மெரினாவுக்கு மணல், ராயபுரத்துக்குக் கருங்கல். அந்தக் கல் தடுப்பை ஒட்டித்தான் இங்கே ஓட்டம்!

அந்தத் துறைமுகமே ஒரு நாக்-அவுட் வாங்கி எழுந்த ஆள்தான்! 1870-களில் தொடங்கிய வேலை. கல்சுவர்கள் கடலுக்குள் நீண்டு முடியும் நேரம். 1881 நவம்பர். ஒரே புயல், எல்லாம் சிதறல்! மறுபடி கட்டினார்கள். இன்றைக்கும் கப்பல் வருகிறது!

‘இந்த வேக்காட்டில் எவன் சார் ஓடுவான்?’ ஓடுங்கள், லாபம் உங்களுக்கே! அமெரிக்காவில் தேர்ந்த சைக்கிள் வீரர்களை 40 டிகிரிச் சூட்டில் 10 நாள் பழக்கினார்கள். பிறகு குளிர்ந்த அறையில் ஓட்டவிட்டார்கள். வேகப் பந்தயத்தில் 6 சதவீதம் முன்னேற்றம்! அவர்கள் காசு கொடுத்து அறையைச் சூடாக்கினார்கள். நமக்குக் கத்திரி வெயில் இலவசம்! தண்ணீரை மட்டும் மறக்காதீர்கள்!

மழை வந்தால் பயிற்சிக்கு லீவா? 1949 செப்டம்பர். ராயபுரம் ராபின்சன் பூங்கா. கொட்டும் மழை. ஒரு புதுக் கட்சியின் தொடக்கப் பொதுக்கூட்டம். கூட்டம் கலையவில்லை! அந்தக் கட்சி 18 ஆண்டில் கோட்டையைப் பிடித்தது. தி.மு.க.தான் அது! நீங்கள் அரை மணி நேரம் நடக்க மாட்டீர்களா?

மூளைக்கு ஒரு டிமிக்கி!

குடிக்கவே வேண்டாம், கொப்பளித்தால் போதும்! 2004-ல் சைக்கிள் வீரர்கள் மாவுச்சத்துக் கரைசலை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார்கள். ஒரு சொட்டு வயிற்றுக்குள் போகவில்லை. ஆனாலும் 1 மணி நேரப் பந்தயத்தில் 2.9 சதவீதம் முன்னேற்றம்! சாப்பாடு வருகிறது என்று மூளை நம்பிவிட்டது, பாவம்!

சுண்டுவிரலை அசைக்காமலே பலமாக்கலாம்! 1992. ஒரு குழு 4 வாரம் சுண்டுவிரலால் நிஜமாகத் தள்ளியது. பலம் 30 சதவீதம் கூடியது. இன்னொரு குழு தள்ளுவதாகக் கற்பனை மட்டும் செய்தது. அவர்களுக்கு? 22 சதவீதம்! உட்கார்ந்த இடத்திலேயே!

உடம்பு களைக்கவில்லை, மூளை களைத்தால்? 2009 சோதனை. 90 நிமிடம் கணினியில் கவனம் பிசகாத வேலை, அப்புறம் சைக்கிள். தாங்கியது 640 விநாடி. இன்னொரு நாள் அதே ஆட்கள் 90 நிமிடம் ரயில், கார் பற்றிய படம் பார்த்துவிட்டு வந்தார்கள். 754 விநாடி! இதயமும் தசையும் அப்படியே இருக்க, 114 விநாடியை மூளை விழுங்கிவிட்டது!

பொய் சொன்னால் வேகம் கூடுமா? சைக்கிள் வீரர்களுக்குத் திரையில் ஒரு உருவம் காட்டினார்கள். ‘இது நீங்களே ஓட்டிய உங்கள் சிறந்த ஓட்டம், துரத்துங்கள்’ என்றார்கள். ரகசியமாக அதன் சக்தியை 2 சதவீதம் ஏற்றியிருந்தார்கள்! வீரர்கள் துரத்தினார்கள். தங்கள் பழைய சாதனையை முறியடித்தார்கள்! அந்த 2 சதவீதம் அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ!

பாட்டுப் போட்டால் கால் ஓடும். 1998-ல் எத்தியோப்பியாவின் ஹைலி கெப்ரசெலாசி, ‘ஸ்காட்மேன்’ பாட்டை மைதானத்தில் ஒலிக்கவிட்டுத் தாளத்துக்குத் தக்கபடி ஓடினார். உள்ளரங்க 2,000 மீட்டரில் உலக சாதனை! நம்மிடம் கானா இருக்கிறது. சாதனைக்குத்தான் ஆள் தேவை!

மூச்சு வாங்கும்போது சிரியுங்கள்! 24 ஓட்டக்காரர்களைச் சிரித்தபடியும் முகத்தைச் சுளித்தபடியும் ஓடவிட்டார்கள். சிரித்தபோது ஆக்சிஜன் செலவு 2.8 சதவீதம் குறைவு! மாரத்தான் மன்னன் எலியுட் கிப்சோகே கடைசி மைல்களில் பல்லைக் காட்டுவது இதற்குத்தான். 2019 வியன்னாவில் அவர் 42.195 கிலோமீட்டரை முடித்தது 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில்!

தூங்குவதும் பயிற்சிதான்! ஸ்டான்ஃபோர்ட் கூடைப்பந்து வீரர்களை ராத்திரிக்கு 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 16.2 விநாடி எடுத்த ஓட்டம் 15.5 ஆனது. கூடைக்குள் பந்து விழுவது 9 சதவீதம் கூடியது. ராத்திரி ரீல்ஸ் பார்ப்பவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்!

15 கிராம் எடை, மலை போல மனசு!

வடசென்னை தூக்கும் மிகச் சின்ன எடை எது? கேரம் ஸ்டிரைக்கர்! அதிகபட்சம் 15 கிராம். ஆனால் கை நடுங்கினால் ஆட்டம் காலி. நெஞ்சு நடுங்காத ஆள்தான் ஜெயிப்பார்!

மரிய இருதயம். சென்னைக்காரர். உலகப் பட்டம் 2 முறை, தேசியப் பட்டம் 9 முறை. 1996-ல் அர்ஜுனா விருது. கேரம் பலகையிலிருந்து அர்ஜுனா வரை!

வியாசர்பாடி இளவழகி. அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். மகள் 2008-ல் உலக சாம்பியன்!

காசிமா. புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்துச் செரியன் நகர். ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பை. ஒற்றையர், இரட்டையர், அணி... மூன்றிலும் தங்கம்! வயது 17. அரசு கொடுத்த பரிசு 1 கோடி ரூபாய்!

முடியாது என்றார்களா?

இலங்கை வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் தலைமன்னாரில் கடலில் குதித்தார். தனுஷ்கோடி வந்தார். படகு ஏறாமல் நீந்தியே திரும்பினார். 51 மணி நேரம்! 1981-ல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் நின்ற இடத்திலேயே மிதந்தார். எவ்வளவு நேரம்? 80 மணி நேரம்! மூன்று பகல், மூன்று இரவு தாண்டியும் கால் நிற்கவில்லை!

சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 1994-ல் பாக் நீரிணையை நீந்தியபோது வயது 12. அதே ஆண்டில் மொத்தம் 6 கடல் கால்வாய்கள்! நம் வீட்டுப் பிள்ளை பள்ளிப் பை கனக்கிறது என்கிற வயசு அது!

4 நிமிடத்துக்குள் 1 மைல் ஓடவே முடியாது என்று சாதித்தவர்கள் பலர். 1954 மே 6. ரோஜர் பேனிஸ்டர் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடிக் காட்டினார். அடுத்த ஆள் ஜான் லாண்டி. எத்தனை நாளில் தெரியுமா? 46-வது நாள்! அதுவும் இன்னும் வேகமாக, 3 நிமிடம் 57.9 விநாடியில்!

வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவர் தன்பால் கணேஷ். 2018 ஐ.எஸ்.எல். அரையிறுதி, சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் சென்னையின் எஃப்.சி.க்காக ஒரு கோல்! ஆட்டம் 3-0. சில நாளில் கோப்பையும் வந்து சேர்ந்தது!

ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள்? 21 என்பார்கள். நம்பாதீர்கள்! லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். சராசரி 66 நாள். அதிவேக ஆள் 18 நாள். மெதுவான ஆள் 254 நாள்! நடுவில் ஒரு நாள் தவறினால்? ஒன்றும் குடி முழுகவில்லை, அதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்!

கடைசியாக வைத்திருக்கிறேன், இதுதான் கிடா வெட்டு! 2002-ல் 248 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். சும்மா விட்ட குழுவில் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். இதயத்துக்கு நல்லது என்று ஊக்கமூட்டிய குழுவில்? 35 சதவீதம்! பிரசங்கம் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை! மூன்றாவது குழுவும் அதே பிரசங்கத்தைப் படித்தது. கூடவே எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று ஒரே ஒரு வரி எழுதவும் வைத்தார்கள். அவர்களில் செய்து முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 91 சதவீதம்! பேனா எங்கே, எடுங்கள் சீக்கிரம்!